களிம்பா, கத்தியா

அன்புள்ள ஜெயசுதாவுக்கு, பெங்களூரிலிருந்து தங்கதுரை. நீயும் அம்மாவும் சௌக்கியமா?

கல்யாணத்திலிருந்து நம்மைப் படுத்தும் என் முன்தோல் இறுக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தேன். பயப்படாதே. களிம்பு தடவினால் சில வாரத்தில் தளருமாம், தளராவிட்டால்தான் ஆபரேஷனாம்.

மறியலுக்கு மரங்களை வெட்டிப் போட்டதில் பஸ் ஓடவில்லை, தியாகதுருகம் தையல் வகுப்புக்கு உன் மாமன் மகன் அன்புச்செல்வன்தான் சைக்கிளில் கூட்டிப்போனான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் டாக்டரிடம் மறுபடி ஓடினேன்.

“களிம்பெல்லாம் வாணாங்க, இன்னைக்கே வெட்டிடுங்க. நான் சீக்கிரம் ஊருக்குப் போவணும்” என்றேன்.

“வெட்டினா புண் ஆறவும் நாளாகும். களிம்பையே போடுங்க” என்று அனுப்பிவிட்டார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் என் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது? காற்றடித்து நீயே ஓட்டப் பழகிக்கொள். விழுந்தாலும் பரவாயில்லை, அவன் பின்னால் பிடித்துக்கொண்டு வரக்கூடாது.

உன்,
தங்கதுரை