பொது ஃபைலும் உங்கள் மேல் போட்ட பழியும்

பாசமுள்ள ஸ்டீபன் அண்ணா,

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உங்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நம் ஆபீஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வண்டியில் புது மாடல் வந்தால், பழைய மாடலின் ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பது. டேஷ்போர்டு திரைக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளில் எத்தனை பேக்கேஜ் உண்டோ, அத்தனைக்கும் அதை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்று சொல்லும் தனித்தனி பில்டு ஃபைல். எல்லாவற்றிலும் அதே கம்பைல் வரிகள், அதே இன்ஸ்டால் வரிகள். நீங்கள்தான் அந்த வரிகளையெல்லாம் ஒரே பொது ஃபைலுக்குக் கொண்டுபோனீர்கள். பேக்கேஜ் ஃபைலில் பெயர், வெர்ஷன், அதற்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்கள், அவ்வளவுதான் மிச்சம். மேனேஜர் ஒரு மாடலுக்கு மட்டும் விட்டார். மற்றவற்றுக்கும் கேட்டபோது, "ஓடிக்கினு கீறத இன்னாத்துக்குப்பா நோண்டற?" என்றார். ஒரகடம் சாலையில் அந்த லாரி அடிக்கும்வரை நீங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தீர்கள்.

போன வாரம் வண்டி ஃபாக்டரியில் லைன் நின்றது. பழைய மாடலில் திரை எரியவில்லை. டிஸ்ப்ளே பேக்கேஜில் ஒரு திருத்தம். ஒரு காப்பியில் போட்டவர்கள் இன்னொன்றில் மறந்துவிட்டார்கள். உங்களைத் தொடவே விடாத ஃபோல்டர் அது! நம் கஸ்டமரான வண்டிக் கம்பெனிக்காரர் முன்னால் மேனேஜர் கூசாமல் சொன்னார்: "அது ஸ்டீபன் பண்ண வேலை சார். ஈசி பண்றேன்னு எல்லாத்தையும் கலச்சிட்டுப் பூட்டாரு."

வெளியே வந்ததும் மறித்தேன். "சார், அது அண்ணன் தொட்ட மாடலே இல்லியே?"

"தெரியும்மா. செத்தவருக்கு இன்னாம்மா கெட்ட பேரு? இருக்கறவன் பொழப்பப் பாக்கணும்ல?"

உங்கள் அடக்கத்துக்கு மாலை தூக்கி வந்தவரும் இவர்தானே அண்ணா? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கக் கூடாதா? சார், சார் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தீர்களே.

நான் கெஞ்சவில்லை. யாரையும் கேட்காமல் பழைய மாடலையும் உங்கள் பொது ஃபைலுக்கு மாற்றிவிட்டேன். திரை எரிந்தது. லைன் ஓட வேண்டுமே, மேனேஜர் அதையே ஃபாக்டரிக்கு அனுப்பினார். ஃபைலின் முதல் வரியில் 'இது ஸ்டீபன் செய்தது' என்று எழுதியிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி இன்று காலை ஆள் விட்டிருக்கிறார்.

எடுக்க மாட்டேன். திங்கட்கிழமை கஸ்டமர் மறுபடி வருகிறார். லைன் யாரால் நின்றது, யாரால் ஓடுகிறது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். உங்கள் பெயரைக் கெடுக்க விட மாட்டேன், சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
மலர்