சம்பந்தியும் நானும் ஏறிய மலை

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை முழுக்க ஒரு துணிக்கடை லிப்டோடு மல்லுக்கட்டு. கதவு மூடவே இல்லை. கடைசியில் பார்த்தால் கதவிடுக்கில் ஒரு சட்டைப் பொத்தான்.

மதியம் மகன் போன் செய்தான். மருமகள் படியில் வழுக்கிக் கணுக்காலில் கட்டாம். இருவரும் வெள்ளிக்கிழமை மலையேறக் கிளம்புவதாக இருந்தது. "ரெண்டு இடம் வீணாகுதுப்பா. மாமா ஒண்ணுல போறேன்னுட்டார்."

மாமா என்றால் மருமகளின் அப்பா. என் சம்பந்தி. மருந்துக்கடைக்காரர்.

"இன்னொண்ணுல நான் போறேன்" என்றது என் வாய். மூளைக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 30

மனைவி கேட்டாள்: "முப்பது வருஷமா லிப்ட்லயே ஏறி இறங்கினவருக்கு மலை எதுக்கு?"

பரணில் கிடந்த பழைய பையை இறக்கித் தூசி தட்டினேன்.

மே 2, வெள்ளி

காட்டு வழி. ஈரம், பாசி, வானத்தை மறைக்கும் மரங்கள். நாங்கள் இருவர், முன்னே வழிகாட்டிப் பெண், பின்னே சமையல்காரர்.

சம்பந்தியும் நானும் பேசி இரண்டு வருடமாகிறது. கல்யாணத்தில் என்னைக் காட்டி யாரிடமோ, "மாப்பிள்ளையோட அப்பா, லிப்ட் ரிப்பேர்" என்றார். நானே ரிப்பேரான மாதிரி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பொண்ணோட அப்பா, மாத்திரை எண்ணுறவர்" என்று அவர் காதில் விழும்படி சொன்னேன்.

எங்களுக்கு நடுவே இரண்டு முழத் தூரம். அவர், "அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளும்மா" என்பார். நான், "வேணாம்னு சொல்லும்மா" என்பேன். சாயங்காலம் அந்தப் பெண் பையைத் தொப்பென்று இறக்கினாள். "நான் வழிகாட்ட வந்தவ சார். தூது போக வரல."

மே 3

"சம்பந்தி! காதுல அட்டை!"

இரண்டு வருட மௌனத்தை ஓர் அட்டை உடைத்தது. கத்தின அவரே என் காதில் உப்பு வைத்து எடுத்துவிட்டார், மருந்து தடவினார். அவர் பையில் பாதி கடை இருக்கிறது. நன்றி சொன்னேன். வழிகாட்டி வழியாக அல்ல.

மே 4

மரங்கள் முடிந்துவிட்டன. சரிவு முழுக்க மஞ்சள் பூ. கீழே, நேற்று தங்கின ஏரி ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

மூச்சு வாங்குகிறது என்று அவரும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். அவர் நின்று, "ஆஹா, என்ன காட்சி!" என்பார். நானும் உடனே நின்று, "அருமை!" என்பேன். இன்று நாற்பது தடவையாவது இயற்கையை ரசித்திருப்போம். ஒரு தடவை எதிரே வெறும் பாறை.

மே 5

மேல் முகாம். உச்சி எதிரிலேயே வெள்ளையாக நிற்கிறது. விடிந்ததும் கிளம்பினால் இரண்டு மணி நேரம்தானாம். எனக்குச் சின்னப் பையன் மாதிரி இருப்புக் கொள்ளவில்லை.

சம்பந்தி சாப்பிடவில்லை. "உப்பு ஜாஸ்தி" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 6

விடியலில் பார்த்தால் பாறைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறார். "குளிர்தான், வேற ஒண்ணுமில்ல" என்கிறார், நாக்குக் குழறுகிறது.

வழிகாட்டி அவர் கண்ணைப் பார்த்தாள். "உயரம் ஒத்துக்கல சார். இப்பவே இறங்கணும். சமையல்காரர் கூட்டிட்டுப் போவார். இவரை நான் மேல கூட்டிட்டுப் போறேன்."

"மாட்டேன்" என்றார். "இவர் மட்டும் உச்சியில நின்னு போட்டோ எடுத்துட்டு வரணுமா? செத்தாலும் மாட்டேன்."

மனுஷன் சொன்னபடி செத்துத் தொலைச்சா? மருமகள் மூஞ்சில எப்படி முழிப்பேன்? உச்சியில் அப்போதுதான் வெயில் பட்டது — பொன்னாக. ஐயோ, அதை அப்படியே பார்த்துக்கொண்டு —

உட்கார்ந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா! காலை ஊனவே முடியல. தனியா இறங்கப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா சம்பந்தி?"

என் முழங்காலைப் பார்த்தார், உச்சியைப் பார்த்தார். பிறகு, "பாவம். சரி, என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். தாங்கியது நான். முன்னால் போன பெண் கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை.

மே 7

ஏரி. தலைவலி போய்விட்டது அவருக்கு. இரண்டு தட்டு சாப்பிட்டார். முழங்காலைப் பராமரிப்பது பற்றி எனக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம்.

மே 11, ஞாயிறு

இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில். சம்பந்தி கதை சொன்னார். "உச்சி கைக்கெட்டுற தூரம். இவருக்கு முழங்கால் போச்சு. நட்டாத்துல விட்டுட்டுப் போக மனசு வரல."

அடப்பாவி மனுஷா! வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். எல்லாரும் அவரை மெச்சினார்கள். என் மனைவி இன்னொரு கரண்டி அவருக்கே பரிமாறினாள்.

மே 25, ஞாயிறு

எங்கள் கட்டடத்து லிப்டே நின்றுவிட்டது. லிப்டுக்காரன் குடியிருக்கும் கட்டடம்! ஐந்தாம் மாடி வீட்டிலிருந்து இறங்கிச் சரிபார்க்கும்போது, விருந்துக்கு எல்லாருக்கும் கடைசியாகச் சம்பந்தி வந்தார், கையில் எனக்குத் தைலம். உதிரிபாகம் வராமல் ஓடாது, படிதான் வழி என்றேன்.

ஏதோ யோசனையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டேன். நான்காம் மாடியில்தான் உறைத்தது. திரும்பினேன்.

பின்னாலேயே ஏறி வந்தவர் நாலைந்து படி கீழே கைப்பிடியைப் பிடித்து நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

"மெதுவா, சம்பந்தி" என்றார் தாழ்ந்த குரலில். "மேல எல்லாரும் இருக்காங்க. நொண்டிக்கிட்டே போங்க."

கடைசி மாடியை நொண்டிக்கொண்டே ஏறினேன். அவர் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.