தேடிப் படிக்கத் தெரியாதா

மார்ச் 4, திங்கள்
குழுவில் இன்று பிரேமலா கேட்டிருந்தாள். வயிற்றில் குழாய் வைத்து, கிட்னிக்காக வீட்டிலேயே டயாலிசிஸ் தண்ணீர் மாற்றுகிறவர்களின் ஃபேஸ்புக் குழு. என் வீட்டுக்காரருக்கு நான்கு வருடம் மாற்றினேன். அவர் போன பிறகும் பதில் சொல்ல அங்கேயே இருக்கிறேன்.

"வீட்டுக்காரருக்கு உள்ள விட்ட தண்ணி முழுசா வெளிய வரல. என்ன செய்யலாம்?"

இதே கேள்விக்குப் போன ஜூலை பதினாறாம் தேதி செல்லப்பனுக்குச் சொல்லியாயிற்று. குழாய் மடங்கியிருக்கும், ஒருக்களித்துப் படுக்க வை, மலச்சிக்கலா பார்.

இவளுக்கு ஏன் மறுபடி எழுதணும்? அக்டோபரில் ஒன்று கேட்டாள். ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டி எழுதினேன். சரியாச்சா இல்லையா, வந்து ஒரு வார்த்தை சொன்னாளா? நான் மறப்பேனா?

"ஜூலையிலேயே சொல்லிட்டேன். தேடிப் படிக்கத் தெரியாதா?" என்று போட்டேன். குழுவை நடத்தும் தங்கராஜு, "அக்கா சொன்னா சரிதான் லா" என்று எழுதி, வேறு யாரும் பதில் போட முடியாமல் மூடிவிட்டான். பதினேழு பேர் லைக்.

மார்ச் 5
பிரேமலாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அவள் பழக்கம்தானே.

மார்ச் 15, வெள்ளி
தங்கராஜு போன் செய்தான்.

"அக்கா, பிரேமலா வீட்டுக்காரருக்கு வயித்துக்குள்ள கிருமி. ஆஸ்பத்திரில குழாயையே எடுத்துட்டாங்க. தண்ணி கலங்கி வந்திருக்கு. எழுதியிருந்தாங்களே, நீங்க முழுசா படிக்கலையா?"

"நீ படிச்சியா?"

போனை வைத்துவிட்டேன்.

குழுவில் அவள் எழுதியதைப் போய்ப் பார்த்தேன். மூன்று வரிக்குக் கீழே 'மேலும் காண்க'. அழுத்தினேன். 'காலையிலேர்ந்து அரிசி கழுவுன தண்ணி மாதிரி வருது. பயமா இருக்கு அக்கா.'

அக்கா. என்னைத்தான் கேட்டிருக்கிறாள். கலங்கினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி — அது எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் ஒவ்வொரு பையையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தவதானே நான்!

மார்ச் 16
தங்கராஜுவிடம் பிரேமலாவின் நம்பரை வாங்கி வைத்தேன். கூப்பிடவில்லை.

மார்ச் 20
பிரேமலாவுக்குப் போன் போட்டேன்.

"ஜூலைல நீங்க எழுதினத தேடிப் படிச்சேன்கா. அதே மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். மூணு நாள்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 21
எல்லார் முன்னாலும்தானே திட்டினேன், எல்லார் முன்னாலும் எழுதினேன்: "பிரேமலா, முழுசா படிக்காம பேசிட்டேன். தப்பு என்னோடது. தண்ணி கலங்கினா குழுவுல கேட்டுட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தங்கராஜு, "உங்க பேரு கெட்டுடும்கா, எடுத்துடவா?" என்றான்.

"கைய வெச்சுப் பாரு."

மே 8, புதன்
பிரேமலா மறுபடி குழுவில் கேட்டிருக்கிறாள். குழாய் போனதால் வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போகிறாளாம். நாலு மணி நேரம் மிஷினில் இருந்துவிட்டு வந்தால் துவண்டு படுத்துவிடுகிறாராம். எதைக் கொடுத்தால் சாப்பிடுவார்?

கடைசி எழுத்து வரை இரண்டு முறை படித்தேன். வீட்டில் தண்ணீர் மாற்றுகிற காரியம் என்றால் சொல்வேன். மிஷின் வைத்தியம் நான் பார்த்ததில்லை. அவரை அதற்கு அனுப்பியவள் மட்டும்தான் நான்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று எழுதினேன்.