குளியல் தொட்டியில் உன் பெயர்

நோபே,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதே. ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். என் மகள் பேசிவிட்டாள்!

ஒன்றரை வயதுப் பரிசோதனையில் செவிலி படத்தைக் காட்டி, "நாய் எங்கம்மா?" என்று கேட்டபோது அவள் விரலும் நீட்டவில்லை, வாயும் திறக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அப்பாவானவன் நான், பயந்துபோனேன்.

"டி.வி.யை அணைச்சிடுங்க சார். முகத்தைப் பாத்துப் பேசிக்கிட்டே இருங்க. எதைப் பேசினாலும் சரி" என்றார் செவிலி.

ஊரில் எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பிள்ளையின் மாலைக் குளியல் அப்பா பொறுப்புதான். தினமும் வெந்நீர்த் தொட்டியில் அவளை மடியில் வைத்துப் பேசினேன். எனக்குக் குழந்தைக் கதை எதுவும் தெரியாது. பல்கலைக்கழகக் கூட்டத்தில் எனக்கு எதிராக வாக்களிக்கக் கை தூக்கிய நண்பனின், அதாவது உன் கதைதான் தெரியும். நான்கு மாதம் அதையே சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள்.

நேற்று தண்ணீரைப் பளாரென்று அறைந்து, "நோபே!" என்றாள். மறுபடியும், "நோபே!"

என் மனைவி மிசாவோ அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "பெத்தவ நான் இருக்க, அந்த மனுஷன் பேரா? நீங்க திட்டினது வீண்போகலைங்க!" சிரித்துக்கொண்டே அழுதாள். தாய்சேய் கையேட்டில், முதல் சொல் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இன்றும் அவள் தொட்டியிலிருந்து கதவைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்டால் ஆள் வரும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஞாயிறு ஆறு மணிக்குக் குளியல். அதற்குள் வந்துவிடு.

கோபம் தீராத,
அவள் அப்பன்