வேலியோரப் பெட்டிகள்

என் மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் ஆடுகளும் சோப்புகளும் நலம். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்கிறாய், நான் "வேற என்ன, வேற என்ன" என்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். காகிதம் என்றால் பாதியில் வைக்க முடியாது பார்.

முதலில் சோப்புச் சமாச்சாரம். கிளம்பும்போது, "ஒண்ணும் செய்யவேண்டாம் அத்தை, நான் வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் கேட்பேனா? சந்தையில் நம் மேசை காலியாகக் கிடந்தால் பக்கத்துக் கோழிக்காரம்மா தன் முட்டைக் கூடைகளை அதன் மேலும் பரப்பிவிடுவாள். அதனால் நானே எண்ணெயை அளந்து, காரத் தண்ணீர் கலந்து, கிளற உட்கார்ந்துவிட்டேன். நீ கிளறும்போது எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். பார்ப்பது வேறு, செய்வது வேறு. கரண்டியை இழுத்தால் அதன் தடம் மேலே கோடாக நிற்கவேண்டும் என்பாயே, எனக்கு நின்ற மாதிரிதான் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. அச்சில் ஊற்றிவிட்டு மறுநாள் பார்த்தால் மேலே எண்ணெய், கீழே கூழ். "மாமியாரும் மருமகளும் மாதிரி ஒட்டாம கிடக்குது" என்று சந்தையில் சொன்னேன். கோழிக்காரம்மா சிரித்துவிட்டு, "உங்க வீட்டுக்கு அது பொருந்தாதே" என்றாள். அவளுக்கும் சில சமயம் நல்ல வார்த்தை வருகிறது.

கொட்ட மனம் வரவில்லை. திரும்பச் சட்டியில் போட்டு மெல்லிய தீயில் கிளறினேன். கரடுமுரடாக வந்தது, முகத்துக்கு ஆகாது. காய்ந்த பீர்க்கங்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, அதன் நாரோடு சேர்த்து அச்சில் அழுத்தி, பாத்திரம் தேய்க்க என்று எழுதி வைத்தேன். போட்ட கையோடு விற்றுவிட்டது. மூன்று வாரம் ஆறவேண்டும் என்று நீ இருந்தால் விட்டிருக்கமாட்டாய். வாங்கினவர்களிடம் ஆறவைத்து எடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. என் பிள்ளை செய்த மரப்பெட்டி அச்சின் ஒரு மூலை பிரிந்துவிட்டது. ஓர் ஆணி அடித்தால் போதும். அவன் அடித்த ஆணிக்குப் பக்கத்தில் என் ஆணியை அடிக்கக் கை வரவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அவன் போய் மூன்றாவது மழைக்காலமும் வந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்து வந்து அதைச் சரிசெய்வான் என்று எனக்குள்ளே யாரோ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, பதறாதே. காரத் தண்ணீர் கொஞ்சம் மணிக்கட்டில் தெறித்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தேன்காரர் தன் தேனீப் பெட்டிகளை விட்டுவிட்டு, முகத்தில் வலையோடு வேலி தாண்டி ஓடிவந்தார். பம்படியில் என் கையை நீட்டவைத்துத் தண்ணீர் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். "போதும் தம்பி, தோலே கரைஞ்சிடும்" என்று சொல்லியும் விடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, வாயைத் திறந்தால் தேனீ உள்ளே போய்விடும் என்று பயப்படுகிறவர்போல இருக்கும் மனிதர். அன்றைக்கு என்னைப் பார்க்காமல் பம்பையே பார்த்துக்கொண்டு, "அவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார். குழந்தை பிறந்த பிறகு என்றேன். பம்பை இன்னும் நாலு தடவை அடித்துவிட்டு, "அங்க சந்தோஷமா இருக்காங்களா?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாததுதானே.

மற்றபடி இப்போதெல்லாம் அவர் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. சோப்புக்குத் தருகிற மெழுகுக் கட்டியை வேலிக்கல் மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நீ கிளம்பினதிலிருந்தே அப்படித்தான்.

உன் அண்ணிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் உழைத்துக் கொட்டிவிட்டு நீ சுவரோரம் உட்காராதே.

உன் நல்லதையே நினைக்கும்
அத்தை


அத்தைக்கு,

வணக்கம். கடிதத்தைச் சமையல் மேடையிலேயே நின்றுகொண்டு படித்தேன். முதலில் உங்கள் கை எப்படி இருக்கிறது? கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காரத்தைத் தொடமாட்டேன் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அச்சிலிருந்து எடுத்த வில்லைகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள், காற்றுப் படட்டும்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். குழந்தைக்குக் கடைத்துணி ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் சிவந்துபோகிறது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணிதான் வேண்டும் என்கிறார்கள். இந்த வீட்டில் பழையது என்று எதுவுமே இல்லை அத்தை, எல்லாம் புதிது. என் பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் எழுதவேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணன் என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய கடையில் வேலை இருக்கிறதாம். கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கச் சோப்புகள், உறை போட்டு அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். பூ வாசனைதான், ஆனால் எந்தப் பூ என்று எனக்குப் பிடிபடவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். உங்களையும் இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

வேலிக்கல்லில் வைக்கிற மெழுகுக்கு ஈடாக அவருக்கு இரண்டு துடைப்பம் கொடுத்துவிடுங்கள். பரணில் புல் காயவைத்திருக்கிறேன். கட்டும்போது நனைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உதிரும். சந்தோஷமாக இருக்கிறேனா என்று யாராவது கேட்டால், நலமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஆடுகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
மருமகள்


என் கண்ணுக்கு,

கை ஆறிவிட்டது. கையுறை போட்டுக்கொள்கிறேன். கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தைக்கூடக் கண்ணாடியோடுதான் எழுதுகிறேன். போதுமா?

இதோடு ஒரு பொட்டலம் வரும். குழந்தைக்குப் போர்வை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி என்று நீ எழுதியிருந்தாயா, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அவன் பெட்டியைத்தான் திறந்தேன். நாம் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு மூடுகிற பெட்டி. ஆமாம், எனக்குத் தெரியும். மடிப்பு மாறியிருக்குமே.

சட்டைகளைக் கட்டில் மேல் பரப்பினேன். கத்திரியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். திரும்பக் கத்திரியை எடுத்தேன். முதல் வெட்டுத்தான் கஷ்டம். அப்புறம் துணி துணியாகத்தான் தெரிந்தது. நீலக் கட்டம் போட்டதில் முழங்கை தேய்ந்துபோயிருந்தது, அதை விட்டுவிட்டேன். மீதியைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டு, உள்ளே பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்துத் தைத்திருக்கிறேன். நம் சோப்பில் அலசி வெயிலில் காயவைத்தது. தையல் அங்கங்கே ஏறி இறங்கியிருக்கும், குழந்தை குறை சொல்லாது. யாருடைய துணி என்று உன் அண்ணியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். பெட்டியில் கிடந்த வரைக்கும் அது ஒருத்தருக்கும் சூடு கொடுக்கவில்லை.

அச்சுக்கும் ஆணி அடித்துவிட்டேன்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் தேன்காரர் நம் தள்ளுவண்டிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் நின்று மசகு தடவிக் கொடுத்தாய். அவர் என்னவோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. நீ சிரித்தாய். புன்னகை இல்லை, வாய்விட்டுச் சிரித்தாய். அவன் போனதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. நான் பின்கட்டு வாசலில் வந்து நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். உன் சிரிப்பு அப்படியே நின்றது, குழாயை மூடின மாதிரி. மறுநாள் காலை, அண்ணிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று பை எடுத்தாய். அவளுக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது. எனக்கும் விரல் விட்டு எண்ணத் தெரியும்.

அன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. என் கையில் கொதிக்கிற மெழுகுச் சட்டி இருந்தது பெண்ணே. பிடிதுணி நழுவிக்கொண்டிருந்தது, கண்ணில் புகை. அந்த நேரத்தில் எவள் முகமும் அப்படித்தான் இருக்கும். நீ பார்த்தது கோபம் இல்லை. அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்காதா என்றுதான் நான் அங்கே நின்றேன்.

போன வாரம் அவர் நம் வீட்டுக்கு வந்தார். துடைப்பத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், போகவில்லை. "நான் பெட்டிகளை எல்லாம் எடுத்துட்டுப் போயிடறேன்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்புல இடம் கேட்டிருக்கேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "நான் இங்க இருக்கறதாலதான் அவங்க அங்க இருக்காங்கன்னு தோணுது. இது அவங்க வீடு. தேனீக்கு எங்கயும் பூ கிடைக்கும்" என்றார்.

நான் சுற்றி வளைக்கிறவள் இல்லையே. "அவளை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் துடைப்பத்தின் புல்லை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே நின்றார். கடைசியில், "பிடிக்காம இருக்க முடியலம்மா. அதை அவங்ககிட்ட நான் சொன்னதில்ல. சொல்லமாட்டேன்" என்றார். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வதிலேயே தன் கல்யாண வயதைக் கழித்த மனிதர். கேட்டுப் பழக்கம் இல்லை. கொடுத்துத்தான் பழக்கம்.

பெட்டிகளைத் தொடவேண்டாம், கேட்கவேண்டியவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோழிக்காரம்மாவிடம் நானே முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு அவள் சொல்லிவிடுவாள், நமக்கு அலைச்சல் மிச்சம். அவனை மறந்துவிட்டாய் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. கடைசி நாட்களில் அவனுக்கு நெற்றியில் துணி போட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கினவள் யார் என்று நான் சொல்கிறேன். பெற்றவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

என்னை நினைத்து நிற்காதே. வேலிக்கு அந்தப் பக்கம் போவதற்குப் பெயர் போவதா? நடுவில் ஒரு படல் கதவு வைத்தால் தீர்ந்தது. மிளகாய் இல்லை என்றால் நான் அங்கே வருவேன், உப்பு இல்லை என்றால் நீ இங்கே வா. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன் மனதில் ஒன்றும் இல்லை, நான்தான் கிழவி கற்பனை செய்துகொண்டேன் என்றால், இரண்டு வரி எழுது. உன் பெயர் வராமல் நானே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன், பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகட்டும். அண்ணன் ஊர்தான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றாலும் சரிதான். எங்கே இருந்தாலும் என் ஆசீர்வாதம் உன் பின்னாலேயே வரும், வழி கேட்டுக்கொண்டாவது வரும்.

நான் நினைத்தது சரி என்றால் பதில் எழுதாதே. பஸ் ஏறு.

அத்தை