கன்னத்தில் நிற்கும் கடைசி வாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் உன் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சல், இருமல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உடம்புக்கு ஒன்றுமில்லையே தவிர எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது. போனிலேயே கொட்டித் தீர்த்திருப்பேன், நீ கூப்பிடும்போதெல்லாம் நாலு சின்னக் காதுகள் பக்கத்திலேயே இருக்கின்றனவே, அதனால்தான் கடிதம்.

விஷயம் ராத்திரிச் சாப்பாடுதான். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் இரவு வேலை என்பதால் அந்தப் பொறுப்பு முழுக்க என் தலையில். நெரிசல் பஸ்ஸில் அசையாமல் முறைத்துக்கொண்டு நின்ற ஆட்களையெல்லாம் உள்ளே நகர வைத்த கண்டக்டர் நான், உன் பிள்ளைகளின் வாய்க்குள் ஒரு கவளத்தை நகர்த்துவதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது. நேற்று சின்னவனுக்கு முட்டையில் வெள்ளை மட்டும்தான் வேண்டும், இன்றைக்கு மஞ்சள் மட்டும்தான் வேண்டுமாம், வெள்ளையைப் பார்த்தாலே குமட்டுகிறதாம் துரைக்கு. பெரியவளுக்குப் பீன்ஸ் சோற்றைத் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் தட்டையே மாற்ற வேண்டும். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி முக்கால் தட்டைக் காலி செய்தால், கடைசி வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இரண்டும் உட்கார்ந்துவிடுகின்றன, மெல்லுவதும் இல்லை விழுங்குவதும் இல்லை. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து நீ வேறு, "இன்னும் குழைவா பிசைஞ்சு குடுங்கப்பா, உப்பு கம்மியா இருக்கோ என்னவோ" என்று எனக்குப் பாடம் நடத்துகிறாய். உனக்கு ஊட்டி வளர்த்தது யாராம்?

சரி, என் கை ருசிதான் போய்விட்டது போலிருக்கிறது என்று மனசு விட்டுப்போய் இருந்தேன். ஒருநாள் பிள்ளைகளை அழைத்துவரப் போனபோது பள்ளிக்கூடத்து ஆயா சிரித்துக்கொண்டே, "மதியத்துல உங்க பசங்கதான் முதல்ல முடிக்கிறாங்க, தட்டுல ஒரு பருக்கை இருக்காது" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இவ்வளவு நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்! அன்று நீ போனை வைத்ததும் பெரியவளைப் பிடித்து உட்கார வைத்து, என் உயிரை வாங்குவதில் உனக்கு என்னடி சந்தோஷம் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை, என்னைத்தான் விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். "முழுங்கிட்டா அம்மா போயிடுவாங்க தாத்தா" என்றாள். அதற்குள் சின்னவன், "அன்னைக்கும் முழுங்கினோம்ல, திரும்பிப் பார்த்தா அம்மா இல்ல" என்றான்.

இரண்டு பேருக்கும் வாய் கழுவிவிட்டுப் படுக்கப் போட்டேன். ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அது அப்படியே உன் பக்கம் திரும்பிவிட்டது. நீ அங்கே கிளம்பிய அன்றைக்கு, பார்த்தால் அழுவார்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினாயே, அது பிள்ளைகளுக்காகச் செய்ததா, உனக்காகச் செய்ததா? போதாததற்குத் தினமும், "சமர்த்தா கடைசி வாய வாங்கிக்கோ, அம்மா போனை வைக்கிறேன்" என்று நீயே சொல்லிச் சொல்லி அந்தப் பயத்தைக் கெட்டிப்படுத்தியிருக்கிறாய். பெற்ற பிள்ளைக்குச் சோற்றைக் கண்டால் பயம் என்றால் அது என்ன நியாயம்?

இனிமேல் நீயும் உன் தட்டை எடுத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார். அங்கே எந்த நேரமானாலும் ஒரு ரொட்டித் துண்டாவது கடி. அவர்கள் கடைசி வாயை விழுங்கிய பிறகும் போனை வைக்காதே, வாய் கழுவிவிட்டு வரட்டும், ஏதாவது கதை பேசு, அப்புறம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ.

நீ விடுமுறைக்கு வருவதாக மாப்பிள்ளை சொன்னார். வா, நல்லபடியாக வந்து சேர், நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. திரும்பிப் போகும்போது முன்வாசல் வழியாக, அவர்கள் கண் எதிரிலேயே போ. கதறி அழட்டும், காலைக் கட்டிக்கொள்ளட்டும், நானும் மாப்பிள்ளையும் பிடித்துக்கொள்கிறோம். அழுது முடித்தால் பசிக்கும். அன்று ராத்திரி பயமில்லாமல் சாப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அப்பா