மான் மேல் போட்ட பழி

அரூஸ்டூக், மெய்ன்
மார்ச் 27

அன்பு மகன் லூக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அலாஸ்காவில் அந்த மீன் ஆலையில் உன்னை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று உன் மாமா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நீ எங்கள் போனை எடுப்பதில்லை. எடுக்காதது நியாயம்தான், நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

இங்கே பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. விதை உருளைக்கிழங்கைப் பிரித்துப் போட ஆளில்லாமல் நானே குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. உன் நாய் உன் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. அதற்குக்கூட என் லட்சணம் தெரிந்துவிட்டது போல.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தாள் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு உன் சிநேகிதன் நோயலின் அம்மா ஜீனெட்டிடம் சொன்னேன். பிறகு ஷெரிஃப் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதித் தரச் சொன்னார். அதையே உனக்கும் எழுதுகிறேன். பாதி நீ கண்ணால் பார்த்தது. மீதி உனக்குத் தெரியாது.

தெரியாததை முதலில் சொல்கிறேன். போன வருடம் தவக்காலத்தில் சர்ச்சில் பீன்ஸ் விருந்து நடந்ததே, அன்று காரைப் பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் இடித்தது நான்தான். யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். “எவன் பெத்த பிள்ளையோ, ஒரு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போகக்கூடாதா?” என்று அம்மா அந்த இல்லாத ஆளை ஒரு வாரம் திட்டினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஏன் சொல்லவில்லை? வாய்க்கொழுப்புதான் காரணம். “முப்பத்தி நாலு வருஷம் வண்டி ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா?” என்று உன்னைக் குத்திக் குத்திக் காட்டியே பழகிவிட்டவன் நான். அப்படிப்பட்டவன், பூமியில் புதைத்த கம்பத்தில் போய் மோதினேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் கம்பெனிக்கு உள்ளதைச் சொல்லித்தான் பணம் வாங்கினேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. நம் பாலிசியில் முதல் விபத்தைக் கம்பெனி மன்னித்துவிடும், கட்டணத்தை ஏற்றாது என்று சாப்பாட்டு மேஜையில் நானே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். அந்த மன்னிப்பு ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று. ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கிடையாது. மறுபடி கிடைக்க வருடக்கணக்கில் சுத்தமாக ஓட்ட வேண்டும். ஆக, உனக்கும் அம்மாவுக்குமாக இருந்த அந்த ஒன்றை நான் கம்பத்தில் செலவழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நம் குற்றமாக இன்னொரு விபத்து பதிவானால் கம்பெனி அனுப்பும் தாளில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அம்மா பார்ப்பாள், நீயும் பார்ப்பாய். கட்டணம் ஏறிவிடுமே என்று பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட இந்த வெட்கத்துக்குத்தான் பயந்தேன்.

டிசம்பர் ஒன்பது, மத்தியானம் இரண்டரை மணிக்கு நீ போன் பண்ணினாய். குறுக்கே மான் வந்தது, திருப்பினேன், மேப்பிள் மரத்தில் இடித்துவிட்டேன், நோயலும் கூட இருக்கிறான் என்றாய். வந்து பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். “எவனாவது பார்த்தானா?” என்றேன். உனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. நோயல் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றிருந்தான், அவனையும் கேட்கவில்லை.

காரைச் சங்கிலி போட்டு இழுத்து வந்தேன். வீட்டு வாசலில் நோயல், “பூட்ஸ் எல்லாம் சேறு, கழட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டுக் குனிந்தான். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். அம்மா பள்ளிக்கூடத்துச் சமையலறை வேலைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அந்த நிமிடமே அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள். நான் அடுப்படி நாற்காலியில் அவனை உட்கார வைத்து ஒரு மாத்திரையையும் இஞ்சி சோடாவையும் கொடுத்தேன்.

நீ சொன்னதை ஷெரிஃப் அலுவலகத்துத் தாளில் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். “அப்பா, போலீசுக்குச் சொல்லிடலாம். முதல் தடவைதானே, கம்பெனி மன்னிச்சிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க? நான் இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாய். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. “ஒருத்தருக்கும் போன் பண்ணாதே” என்று கத்தினேன். “ஆஸ்பத்திரியில எப்படி அடிபட்டுச்சுன்னுதான் முதல்ல கேப்பான். மரம்னு சொன்னா தப்பு நம்ம மேல. மான்னு சொன்னா யார் மேலயும் இல்ல. முதல்ல மானைக் கொண்டு வருவோம், அப்புறம் எங்க வேணாலும் போ” என்றேன்.

நம்மூரில் இது குழந்தைக்கும் தெரியும். மானை இடித்தால் அது ஓட்டியவன் குற்றம் இல்லை, வேறு கணக்கில் போகும். மானுக்காகத் திருப்பி மரத்தில் மோதினால் குற்றம் உன்னுடையது. நீ வண்டி ஓட்டக் கற்ற நாளிலிருந்து, “மான் வந்தா இடி, திருப்பாதே” என்று நான் ஓதியதும் பாதி இதற்காகத்தான். நீ திருப்பினாய். ஒரு உயிரைப் பார்த்ததும் கை தானாகத் திருப்பியிருக்கிறது. அதற்காக உன்னை வழி முழுக்கக் கழுதை, மாடு என்றேன்.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பழைய ரயில் பாதை அருகே இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த மானைத் தேடி உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். உறைந்து கட்டையாகிக் கிடந்தது. கத்தியால் மயிரையும் உறைந்த ரத்தத்தையும் சுரண்டி எடுத்தோம். நீ பையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “பொம்பளப் பிள்ள மாதிரி அழாதே” என்றேன். கொட்டகையில் காரின் முன்பக்கத்தில் மயிரையும் ரத்தத்தையும் அப்பி, மரப்பட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை நம் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான், லூக்.

உள்ளே வந்தபோது வெளிறிப் போயிருந்தான். இப்போது விலா வலிக்கவில்லை, இடது தோள்தான் வலிக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும் என்றான். விலா வலி தோளுக்குப் போய்விட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்தால் தோள்தான் வலிக்குமாம், டாக்டர் பிறகு சொன்னார். நீ மறுபடியும் ஆஸ்பத்திரி என்றாய். உன்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டு நான்தான் அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். “யார் கேட்டாலும் மான்னு சொல்லுடா” என்றேன். “சரி, மரம்னு சொல்ல மாட்டேன்” என்று சிரித்தான். அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். ஜீனெட் மறுநாள் காலையில் அவனை எழுப்பப் போயிருக்கிறாள்.

பிறகு நீ செய்ததற்கு நான் என்ன சொல்வது? “நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம், அவன் ஒண்ணும் இல்லைன்னான், நான்தான் கூட்டிட்டுப் போகலை” என்று அதிகாரியிடம் சொன்னாய். பக்கத்தில் கல்லாக நின்றேன். ஊர் உன்னைக் குடித்துவிட்டு ஓட்டினாய் என்றது. கேட்டுக்கொண்டிருந்தேன். சர்ச்சில் நோயலின் சவப்பெட்டியைத் தூக்க நீ கை வைத்தபோது ஜீனெட் உன் கையைத் தட்டிவிட்டு, “நீ தொடாதே” என்றாளே, அப்போதும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜனவரியில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். “போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லு” என்றேன், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவனிடம் சொல்வது போல.

இப்போது அந்த இன்சூரன்ஸ் தாளைப் பற்றி. அதில் ‘விபத்து மன்னிப்பு: உள்ளது’ என்று போட்டிருந்தது. ஏதோ தவறு என்று நினைத்துக்கொண்டு ஏஜென்ட் பெவர்லியிடம் போனேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “தப்பே இல்ல ரோலண்ட். அந்தக் கம்பத்துக்கெல்லாம் யாராவது மன்னிப்பை எடுப்பாங்களா? சேதம் ஒரு வரம்புக்குக் கீழ இருந்தா அதை விபத்துன்னே எண்ண மாட்டாங்க. டிசம்பர்ல வந்தது மான், அது உங்க குத்தமே இல்ல. உங்க மன்னிப்பு அப்படியே பத்திரமா இருக்கு. பெரிசா ஏதாவது வந்தா உதவும்” என்றாள். மேஜையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

இருந்திருக்கிறது, லூக். அன்றைக்கும் இருந்திருக்கிறது. நீ அடுப்படியில் நின்று சொன்னது வரிக்கு வரி சரி. போன வருடமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் கம்பத்தைப் பற்றிப் பேச வேண்டுமே என்று கேட்கவில்லை. அது இல்லாமலே போயிருந்தாலும் நான் செய்தது செய்ததுதான், அதில் ஒரு குன்றிமணியும் குறையாது. ஆனால் இருந்தது என்று தெரிந்த பிறகு என்னால் சோறு தண்ணீர் இறக்க முடியவில்லை.

அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “எந்த நாற்காலி?” என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். எனக்குச் சமைத்துப் போடுகிறாள், பேசுவதில்லை. என்னிடம் கோபப்பட்டுக் கத்தினாலும் தேவலை.

மறுநாள் ஜீனெட் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மான் மயிர் வரை. கடைசியில், “என் பிள்ள ஏதாவது கேட்டானா?” என்றாள். பூட்ஸைக் கழட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டான் என்றேன். “அப்படித்தான் வளத்தேன்” என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வாசல் வரைக்கும் வந்து அவள் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். நோயலின் பெட்டி இன்னும் கல்லறைத் தோட்டத்துப் பூட்டிய அறையில்தான் இருக்கிறது. குளிரில் மண் உறைந்து குழி வெட்ட முடியாதே, அது இளகியதும் மே மாதம் ஒன்பதாம் தேதி அடக்கம். “தூக்க ஆறு பேர் வேணும், ரோலண்ட். அஞ்சு பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆறாவது இடத்துக்கு உங்க மகனை வரச் சொல்லுங்க. அவன் கையைத் தட்டிவிட்டதை நினைச்சா என்னால தூங்க முடியல. நீங்க வராதீங்க. உங்கள அங்க பாக்க எனக்குத் தெம்பு இல்ல” என்றாள். சரி என்றேன்.

எனக்கு ஜூனில் கோர்ட். மான் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியதற்குக் கம்பெனியும் தனியாகக் கேஸ் போடும். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. உன்னையும் விசாரிப்பார்கள். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்லாதே. பொய் சொன்னதற்காக உன்னையும் கேட்பார்கள். அப்பா சொல்லித்தான் செய்தேன் என்று சொல், அதுதான் உண்மை. எனக்குக் கோபம் வராது.

நீ வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், பயப்படாதே. உருளைக்கிழங்குக் கிடங்கில் கட்டில் போட்டிருக்கிறேன். உன் கறுப்பு உடுப்பை அம்மா இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். நீ வருவாயா மாட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை, போட்டு வைத்துவிட்டாள்.

ஜீனெட்டின் போன் நம்பரை இந்தத் தாளின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவள் காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு ஒருத்தருக்கும் போன் பண்ணாதே என்று உன்னிடம் கத்தினேன். நீ என் பேச்சைக் கேட்டாய். இந்த ஒரு தடவையும் கேள், மகனே. அவளுக்குப் போன் பண்ணு.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரோலண்ட்